ஒளிமானியும் மண்டல முறையும்

திருவனந்தபுரத்தில் உள்ள பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்குக் கோபுரம் ஏழு நிலைகளை உடையது. அதன் உயரம் ஏறத்தாழ நூறு அடி. பகலும் இரவும் ஒத்த அளவினவாக அமையும் மார்ச்சு, செப்டம்பர் மாத நாட்களில், அதாவது ஆண்டுக்கு இரு முறை, கோபுரத்தின் முன்னே நின்று மேற்கு நோக்குவோர்க்கு ஓர் அரிய காட்சி கிடைக்கின்றது. தாழ்ந்து செல்லும் ஞாயிறு கோபுர நிலைகளின் வாயில்களுள் ஒன்றன்பின் ஒன்றாகப் புகுந்து, மேலிருந்து கீழாக ஒவ்வொன்றிலும் சில நிமிடம் ஒளிர்ந்து மறைகின்றது. அந்நாட்களில் ஞாயிறு நேர் மேற்கில் மறைகின்றது. கோயிலும் கிழக்கு மேற்காகவே அமைந்துள்ளது. நகரமோ வட அட்சம் எட்டரைப் பாகையில் இருப்பதால் ஞாயிறு ஏறத்தாழச் செங்குத்தாகவே இறங்குகின்றது. இம்மூன்றும் ஒன்றுகூடியதன் பயனே இக்காட்சி.

அம்மாலைகளில் கோயில் முன்றிலில் காமிராக்களுடன் கூடுவோர் பலர். அவர்கள் எடுக்கும் படங்களில் பெரும்பாலானவை இரண்டு வகையில் அடங்கிவிடும். ஒருவகைப் படத்தில் ஞாயிறும் வானமும் அழகாக அமைந்திருக்க, கோபுரம் கரித்துண்டு போல் காணப்படும். சிற்பங்களில் ஒன்றேனும் புலப்படாது. மற்றொரு வகையில் சிற்பங்கள் தெளிவாக இருக்கும். ஆனால் வானம் வெளுத்த துணி போலாகி, வாயிலின் ஓரங்களும் கரைந்து போயிருக்கும். கண்ணுக்கு ஒரே நோக்கில் புலனாகும் இரண்டையும் காமிரா ஒருசேரப் பற்ற மறுப்பது ஏன்? அதனைப் பற்றச் செய்ய வழி உண்டா? இவ்வினாக்களுக்கு விடை தரும் கருவி ஒன்றும் முறை ஒன்றும் உள்ளன. கருவிக்குப் புள்ளி ஒளிமானி என்றும், முறைக்கு மண்டல முறை என்றும் பெயர்.

ஒளிமானி காண்பது என்ன?

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். லென்ஸின் துவாரத்தையும் திரை திறந்திருக்கும் நேரத்தையும் கொண்டு படச்சுருளின்மீது விழும் ஒளியை வரையறுப்பதை ஸ்டூடியோக்காரர்கள் ‘எக்ஸ்போஷர்’ என்றே சொல்லி வருகின்றனர். தமிழ் நூல்கள் இதற்குப் பல பெயர்களை இட்டுள்ளன. அவற்றுள் எதுவும் வழக்கில் வேரூன்றியதாகத் தெரியவில்லை. இக்கட்டுரையில் ‘ஒளிபடுகை’ என்ற சொல்லை ஆளுகின்றோம். துவாரத்தை ஓரெண் பெரிதாக்கினாலும் நேரத்தை இரட்டித்தாலும் ஒளிபடுகை இரு மடங்காகும். இந்த இருமடங்கு மாறுதலே ஒரு ‘படி’ ஆகும்.

காட்சியிலிருந்து வரும் ஒளியை அளந்து, தக்க துவாரத்தையும் நேரத்தையும் கூறுவது ஒளிமானியின் பணி. மின்கல ஒளிமானிகள் 1930-களில் வழக்கிற்கு வந்தன. வெஸ்டன் நிறுவனத்தார் 1932-இல் வெளியிட்ட செலீனியக் கருவி அவற்றுள் முதன்மையானது. இக்கருவிகள் வியத்தகு நுட்பம் வாய்ந்தவை. எனினும் அவற்றிடம் ஓர் அடிப்படையான பேதைமை உண்டு. தாம் காணும் பொருள் வெண்மையானதா கருமையானதா என்பதை அவை அறியமாட்டா. எதைக் கண்டாலும் அது நடுத்தரமான சாம்பல் நிறப் பொருளே எனக் கொண்டு விடை கூறும். தன்மீது விழும் ஒளியில் சுமார் 18 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டையே இதற்கு வழக்கமான அளவுகோல்.

சலவை செய்த வேட்டி ஒன்று ஒளிமானியின் பார்வை முழுவதையும் அடைத்துக்கொண்டால், அது கூறும் ஒளிபடுகையில் வேட்டி சாம்பல் நிறமாகப் பதியும். கோயில் யானையின் விலாப்புறத்தை மட்டும் அளந்து எடுத்தால் யானையும் அதே சாம்பல் நிறமாகவே பதியும். கருவி பொய் கூறவில்லை. நாம் கேட்ட வினா அத்தகையது.

சாதாரணக் கைக்கருவி முப்பது பாகையும் அதற்கு மேலும் அகன்ற ஒரு பரப்பின் ஒளியைத் திரட்டி, அதன் சராசரியைத் தருகின்றது. வானம், கோபுரம், குளம், கூட்டம் ஆகிய யாவும் ஒரே கலயத்தில் இட்டுக் கலக்கப்பட்டாற்போல் ஆகிவிடுகின்றன. புள்ளி ஒளிமானியோ ஒரு பாகை அளவுள்ள குறுகிய பரப்பையே காண்கின்றது. நூறடி தொலைவில் இது ஏறக்குறைய 21 அங்குல விட்டமுள்ள வட்டம். கோபுரத்து நிலை ஒன்றிலுள்ள சிற்பத்தை மட்டும், அல்லது வானத்தின் ஒரு மூலையை மட்டும், இருந்த இடத்திலிருந்தே தனியே அளக்கலாம். 1940-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் உருவான எஸ்.இ.ஐ. ஒளிமானி அரைப் பாகையையே கண்டது. ஒரு பாகை காணும் பென்டாக்ஸ் கருவிகள் பின்னர்ப் பெரிதும் பரவின. 1983-இல் வெளிவந்த ஒலிம்பஸ் ஓஎம்-4 காமிராவினுள்ளேயே புள்ளி அளவீடு இடம்பெற்று, எட்டு இடங்களின் அளவுகளைச் சேர்த்து நினைவில் கொள்ளும் வசதியும் இருந்தது. இக்காலத்து மின்னணுக் காமிராக்கள் பலவற்றிலும் புள்ளி அளவீடு ஒரு பொத்தானளவில் அமைந்திருக்கின்றது. ஆனால் அப்பொத்தானை அழுத்திய பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதைக் கருவி சொல்வதில்லை. அதற்குத்தான் மண்டல முறை வேண்டும்.

பதினொரு மண்டலங்கள்

ஒளிப்படச் சுருளை அளவைக்கு உட்பட்ட பொருளாக முதன்முதலில் ஆராய்ந்தவர்கள் ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்ற இருவர். படும் ஒளிக்கும் படச்சுருளில் விளையும் கருமைக்கும் உள்ள தொடர்பை அவர்கள் 1890-இல் வளைகோடாக வரைந்து காட்டினர். அவ்வறிவை நடைமுறைப் படக்கலைஞரின் கைக்கு எட்டும்படி செய்தவர்கள் அமெரிக்கரான ஆன்செல் ஆடம்ஸ், ஃபிரெட் ஆர்ச்சர் ஆகியோர். லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் கலைப்பள்ளி ஒன்றில் ஆசிரியர்களாக இருந்தபோது, 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இம்முறையை அவர்கள் வகுத்தனர்.

அச்சிட்ட படத்தில் காணும் கடுங்கருமையிலிருந்து தாளின் தூய வெண்மை வரையுள்ள நிறச் சாயல்களை 0 முதல் 10 வரை பதினொரு மண்டலங்களாகப் பகுத்தனர். ஒவ்வொரு மண்டலமும் தனக்கு முந்தியதைவிட ஒரு படி, அதாவது இருமடங்கு, மிகுந்த ஒளிபடுகையைக் குறிக்கும். நடுவிலுள்ள 5-ஆம் மண்டலம் ஒளிமானி கருதும் அந்தச் சாம்பல் நிறமே. 3-ஆம் மண்டலம் கருமையானது. ஆயினும் கல்லின் சொரசொரப்பும் துணியின் மடிப்பும் அதில் தெரியும். 2-இல் அவை மங்கும். 1-இல் கருமைக்குச் சற்றே மேற்பட்ட ஒரு சாயல் மட்டுமே எஞ்சும். மேற்புறத்தில், 7-ஆம் மண்டலம் நுண்விவரங்கள் யாவும் தெரியும் வெளிர்ச்சாயல். 8-இல் விவரம் சிறிதே நிற்கும். அதற்கு அப்பால் வெண்மைதான்.

இம்முறையின் உயிர்நிலை இரண்டு வினைகளில் உள்ளது. காட்சியில் நாம் முதன்மையாகக் கருதும் ஓரிடத்தை அளந்து, அது எந்த மண்டலத்தில் அமைய வேண்டும் என நாமே முடிவு செய்து அங்கே ‘இருத்துகின்றோம்’. ஓரிடத்தை இருத்திவிட்டால் ஏனைய இடங்கள் யாவும் தத்தம் ஒளிக்கேற்பத் தாமாகவே வெவ்வேறு மண்டலங்களில் ‘விழுகின்றன’. இருத்துவது ஒன்றே நம் உரிமை. விழுவது இயற்கையின் தீர்ப்பு. அத்தீர்ப்பு உவப்பாக இல்லையெனில், ஒளிபடுகையையோ, உருத்துலக்கும் நேரத்தையோ, நிற்கும் இடத்தையோ மாற்றிக்கொள்ள வேண்டும். அல்லது படத்தைக் கைவிட வேண்டும். இதுவும் ஒரு முடிவே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

ஆடம்ஸ் எடுத்த படங்களுள் மிகப் புகழ் பெற்றது, 1941-இல் நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் ஹெர்னான்டெஸ் என்ற சிற்றூரில் நிலவு எழுவதைக் காட்டும் படம். மறையும் ஞாயிற்றின் கடைசிக் கதிர்கள் கல்லறைச் சிலுவைகளின்மீது பட்டுக்கொண்டிருந்தன. அந்நேரம் பார்த்து அவருடைய ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 மெழுகுவர்த்தி அளவு என்பது அவருக்கு நினைவில் இருந்தது. அதனை 7-ஆம் மண்டலத்தில் இருத்தினார். அப்படியானால் 5-ஆம் மண்டலம் இரு படிகள் கீழே, சுமார் 60 மெழுகுவர்த்தியில் அமைகின்றது. அவருடைய படச்சுருளின் வேகம் 64. ஆகவே எஃப் 8 துவாரத்தில் ஒரு வினாடியில் 60-இல் ஒரு பங்கு. காமிராவில் பொருத்தியிருந்த வடிகண்ணாடிக்காக அதை மும்மடங்காக்கினால் 20-இல் ஒரு பங்கு. தூரமும் அண்மையும் கூர்மையாக விழத் துவாரத்தை எஃப் 32-க்குச் சுருக்கினால் ஏறத்தாழ ஒரு முழு வினாடி. இத்தனையையும் மனத்திலேயே கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்திற்குத் தகட்டைத் திருப்பும் முன்னர் சிலுவைகளின்மீதிருந்த ஒளி அகன்றுவிட்டது.

நிழலில் இருக்கும் முகம்

நம் ஊருக்கு வருவோம். திருவனந்தபுரத்தின் சங்குமுகம் கடற்கரையில் நடுப்பகல். ஓலைக் கீற்றின் நிழலில் அமர்ந்து மீனவர் ஒருவர் வலையைச் செப்பனிடுகின்றார். அவருக்குப் பின்னே வெயிலில் தகிக்கும் மணல். புள்ளி ஒளிமானியால் ஒவ்வோரிடமாக அளந்து, படிக்கு ஓர் எண் வீதம் குறித்துக்கொண்டதாகக் கொள்வோம். அவருடைய தலைமுடி 8, முகம் 10, இடுப்பிலுள்ள வெள்ளை முண்டு 12, மணல் 16. அகன்ற பார்வையுடைய சாதாரணக் கருவியோ மணலின் ஆதிக்கத்தால் 14 எனக் காட்டும். அதனை நம்பி எடுத்தால் 14 என்பது 5-ஆம் மண்டலமாகும். முகம் அதினின்று நான்கு படி கீழே, 1-ஆம் மண்டலத்தில் விழும். கண், மூக்கு, வாய் எனப் பிரித்தறிய ஒன்றுமிராது. செய்திப் படங்களிலும் அரசாங்க வெளியீடுகளின் படங்களிலும் நம் நாட்டு உழைப்பாளிகளின் முகங்கள் தொப்பிக்கும் முண்டாசுக்கும் கீழே கருந்திட்டுக்களாக அச்சாகியிருப்பதைக் காணாதவர் யார்? அவர்களுடைய பெயர் தலைப்பில் இருக்கும். முகம் மட்டும் இராது.

மண்டல முறைப்படி முகத்தை முதலில் இருத்துவோம். நிழலில் உள்ள மாநிற முகத்திற்கு 4-ஆம் மண்டலம் பொருந்தும். அப்போது தலைமுடி 2-லும், முண்டு 6-லும், மணல் 10-லும் விழுகின்றன. மணலில் எந்த விவரமும் நில்லாது. கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் இதற்கு மருந்து உண்டு. உருத்துலக்கும் நேரத்தைக் குறைத்தால், ஒளி மிகுதியாகப் பட்ட பகுதிகளின் வளர்ச்சியே பெரிதும் தடைப்படும். நிழற்பகுதிகள் முன்னமே தம் முழு வளர்ச்சியை ஏறத்தாழ எய்திவிடுவதால் அவை அவ்வளவாகக் குறைவதில்லை. இரண்டு மண்டல அளவு குறைத்து உருத்துலக்கினால் 10-இல் இருந்த மணல் 8-க்கு இறங்கும். நிழலுக்கு ஒளிபடுகை, வெளிச்சத்திற்கு உருத்துலக்கல் என்ற பழைய விதியின் உட்பொருள் இதுவே. இதற்கும் விலை உண்டு: முண்டின் வெண்மையும் 5-ஐ நோக்கி இறங்கிச் சற்றே பழுப்பேறியதுபோல் தோன்றும், நிழல்களும் சிறிது மெலிவதால் அரைப் படி முதல் ஒரு படி வரை ஒளிபடுகையைக் கூட்டியாக வேண்டும். மணலா, முண்டா, முகமா என்ற தேர்வில் முகத்தின் பக்கம் நிற்பதே நேர்மை என்பது நம் கருத்து.

தோலின் நிறம் பற்றி ஈண்டு ஒரு சொல். ஆடம்ஸ் தம் அட்டவணையில் வெயில் படும் வெள்ளையரின் தோலை 6-ஆம் மண்டலத்திலும், கருத்த தோலை 5-ஆம் மண்டலத்திலும் வைத்தார். மேனாட்டு நூல்களைப் பின்பற்றிய நம்மவர் பலர் எல்லா முகத்தையும் 6-இல் இருத்தி, மாநிறத்தவரைச் சுண்ணாம்பு பூசியவர்களாக்கினர். வண்ணப்படத்தில் இக்கோணல் இன்னும் ஆழமாகப் பதிந்திருந்தது. கோடக் நிறுவனம் அச்சகங்களுக்கு வழங்கிய நிறச் சோதனை அட்டையில் நெடுங்காலம் வெள்ளைப் பெண்மணி ஒருவரின் உருவமே இருந்தது. அவருடைய நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கருதப்பட்டது. பல இனத்தவரையும் கொண்ட அட்டை 1990-களில்தான் வந்தது. இடையில் பழுப்பு நிறங்களைச் செம்மையாகக் காட்டும் படச்சுருள் தேவை என வற்புறுத்தியவர்களுள் மரச்சாமான், சாக்லேட் விளம்பரக்காரர்களும் இருந்தனர் என்பது கேட்போரைத் துணுக்குறச் செய்யும் செய்தி.

புள்ளி ஒளிமானி இல்லாதவர்க்கும் ஓர் எளிய உபாயம் உண்டு. உள்ளங்கையின் சாயல் மனிதருக்கு மனிதர் அவ்வளவாக வேறுபடுவதில்லை. படம் எடுக்கப்படுபவர்மீது படும் அதே ஒளியில் நம் உள்ளங்கையைப் பிடித்து அளந்து, கருவி கூறுவதைவிட ஒரு படி மிகுதியாக ஒளிபடுத்தினால் உள்ளங்கை 6-ஆம் மண்டலத்தில் அமையும். எதிரே உள்ளவரின் முகம் அதனதன் உண்மையான இடத்தில் தானே விழும்.

கதகளி விளக்கின் முன்

திருவனந்தபுரத்தில் டி. அப்புக்குட்டன் நாயர் 1970-இல் தோற்றுவித்த மார்கி நிறுவனம் கதகளியையும் கூடியாட்டத்தையும் பேணி வருகின்றது. கதகளி அரங்கின் ஒளி நிலை கடற்கரைக்கு நேர் மாறானது. முன்னே ஆளுயரக் களிவிளக்கு, பின்னே இருள். பச்சை வேடத்தின் முகத்தைச் சுற்றி அரைவட்டமாக அமைந்த வெள்ளைச் சுட்டி. சராசரி காணும் ஒளிமானி இங்கே இருளைக் கண்டு ஏமாந்து, வேண்டியதினும் பன்மடங்கு ஒளிபடுகையைக் கூறும். விளைவாகச் சுட்டி வெறும் வெள்ளைத் தகடாகும். பச்சை முகம் வெளிறி, நாயகன் நோயாளியாகக் காட்சி தருவான்.

சுட்டியை மட்டும் அளந்து அதனை 8-ஆம் மண்டலத்தில், அதாவது கருவி காட்டுவதைவிட மூன்று படி மிகுதியான ஒளிபடுகையில் இருத்தினால் போதும். பச்சைச் சாந்து அதினும் சுமார் மூன்று படி குறைந்த ஒளியையே திருப்புவதால் 5-ஆம் மண்டலத்தில் விழும். உடையின் செந்நிறம் அதற்கும் சற்றுக் கீழே. பின்புலம் இருளாகவே நிற்கும். அது இருளாகத்தான் இருக்க வேண்டும். விளக்கின் சுடர் ஆடுவதால் அளவு ஒரு படி வரை ஏறி இறங்கக்கூடும். ஆகவே நடிகர் விளக்கிற்கு அருகே வரும் கணத்தை அளவாகக் கொள்வது காப்பானது. அரக்கியின் கரி வேடத்தை எடுக்கும்போது முகத்தை அளந்து அப்படியே எடுத்துவிட்டால், கரி பூசிய அரக்கி திருநீறு பூசிய துறவியாகிவிடுவாள். அவ்வேடத்தை 3-ஆம் மண்டலத்தில் இருத்த வேண்டும்.

இனித் தொடக்கத்திற் கூறிய கோபுரம். நண்பகல் ஞாயிற்றின் ஒளிர்வு சதுர மீட்டருக்குச் சுமார் 160 கோடி கேண்டலா. தெளிந்த வானத்தின் ஒளிர்வோ சில ஆயிரம் கேண்டலாவே. இரண்டிற்கும் இடையே பதினேழு, பதினெட்டுப் படிகள் உள்ளன. மறையும் வேளையில் காற்று மண்டலம் இதில் பெரும்பங்கை விழுங்கிவிடினும், ஞாயிற்று வட்டம் பத்து மண்டலங்களுக்குள் அடங்குவது அரிது. ஆகவே அதனை அடக்க முயல்வதே வீண். ஞாயிறு வெண்மையாகவே இருக்கட்டும். அதன் இயல்பு அது. காண வேண்டியது கோபுரத்தின் நிழற்பக்கத்துக்கும் அடுத்துள்ள வானத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு. அது நான்கு படி எனில், கோபுரத்தை 3-இல் இருத்த வானம் 7-இல் விழும்; சிற்பமும் புலப்படும், வானத்தின் பொன்னிறமும் நிற்கும். ஆறு படியாக இருப்பின் சிற்பத்தை விட்டுவிட்டுக் கோபுரத்தின் புற உருவத்தோடு அமைவதே நல்லது. ஞாயிறு வாயிலினுள் புகுமுன்பே இவ்வளவுகளை எடுத்துவிட வேண்டும். புள்ளி ஒளிமானியின் கண்ணாடி வழியே ஞாயிற்றை நோக்குதல் எக்காரணம் கொண்டும் கூடாது; உருப்பெருக்கும் லென்ஸ் விழித்திரையைச் சுட்டுவிடும். வாயிலினுள் ஞாயிறு தோன்றியதும் லென்ஸின் உள்ளே சிதறும் ஒளி நிழல்களின்மீது மெல்லிய திரைபோற் படியும். இதை முன்னறிந்து லென்ஸைத் துடைத்து வைத்திருப்பது இக்கடலோர நகரின் உப்புக் காற்றில் இன்றியமையாதது.

வானமும் நிலமும் ஒரே தகட்டில் அடங்காமை இக்காலத்துப் பிரச்சினை மட்டுமன்று. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த கேப்டன் லினேயஸ் டிரைப், 1858-இல் மதுரை, தஞ்சைக் கோயில்களைக் காகித நெகடிவ்களில் எடுத்தார். அக்கால இரசாயனப் பூச்சு நீல ஒளிக்கே மிகுதியும் வசப்படுவதால் கோபுரம் சரியாக அமையும்போது வானம் வெறுமையாகிவிடும். அவர் நெகடிவ்களின்மீது வண்ணந்தீட்டி வானத்தையும் மேகங்களையும் திருத்தினார். அத்திருத்தங்களை இன்றும் அப்படங்களில் காணலாம்.

தும்பாவின் வானில்

திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21-ஆம் நாள் மாலை மேலேறிற்று. நைக்-அப்பாச்சி எனப்பட்ட அந்த அமெரிக்க ராக்கெட் சோடிய ஆவியைச் சுமந்து சென்று மேல் வானில் உமிழ்ந்தது. தரையில் இருள் சூழ்ந்த பின்னரும் அவ்வுயரத்தில் ஞாயிற்றொளி பட்டுக்கொண்டிருந்தமையால் ஆவி செம்மஞ்சள் நிறத்தில் ஒளிர்ந்தது. தொலைவிலுள்ள வெவ்வேறு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் அதனைப் படமெடுத்து, அது வளைந்து செல்லும் திசையைக் கொண்டு மேல் வானக் காற்றின் வேகத்தைக் கணிப்பதே சோதனையின் நோக்கம். இங்கே ஒளிப்படம் அலங்காரப் பொருளன்று, அளவுகோல். அந்தி வானின் ஒளியோ நிமிடத்திற்கு நிமிடம் தேய்கின்றது. ஆவியின் கோடு வானத்தைவிட ஒரு மண்டலமேனும் மேலே நில்லாவிடில் அதன் ஓரத்தை அளக்க இயலாது. ஒளிபடுகை மிகுந்தாலோ கோடு தடித்து இடம் பிறழும். இத்தகைய பணிக்கு மறுமுறை எடுத்தல் என்ற வாய்ப்பு கிடையாது.

1966-இல் அதே தும்பாவிற்கு வந்த பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரஸ்ஸோன், சைக்கிளில் ராக்கெட்டின் முகப்பைக் கொண்டு செல்லும் காட்சியைப் படமெடுத்தார். ஒளிமானியை நாடாமல் கண்ணாலேயே ஒளியைக் கணிப்பவர் என அவர் பெயர் பெற்றவர். மண்டல முறையினர்க்கு இது சற்றுச் சங்கடமான செய்திதான். ஆனால் பல்லாண்டுப் பயிற்சி அவருடைய கண்ணையே ஒளிமானியாக்கியிருந்தது என்று கொள்வோம்.

வெப்ப நாட்டு இடர்ப்பாடுகள்

உருத்துலக்கும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் மண்டலங்களை விரிப்பதும் சுருக்குவதும் எளிதெனத் தோன்றலாம். நூல்கள் கூறும் நேரங்கள் 20 பாகை செண்டிகிரேடு வெப்பநிலைக்கு உரியவை. திருவனந்தபுரத்தில் குழாய் நீரே 27, 28 பாகையில் இருக்கும். அவ்வெப்பத்தில் உருத்துலக்கும் நேரம் ஏறத்தாழப் பாதியாகின்றது. ஏற்கெனவே பத்து நிமிடம் ஐந்தாகிவிட்ட பிறகு, இரு மண்டலம் சுருக்குவதற்காக மேலும் குறைத்தால் மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். திரவம் சீராகப் பரவுமுன் வேலை முடிந்து வானத்தில் பட்டை பட்டையாகக் கறை விழும். நேரத்தைக் குறைப்பதினும் உருத்துலக்கியை நீரால் ஐதாக்குவதே இங்கு உகந்த வழி. தொட்டியைச் சுற்றிப் பனிக்கட்டி இடுவதும் வழக்கம். வெப்பத்தில் ஊதி நெகிழும் ஜெலட்டினைக் காக்க உருத்துலக்கியில் சோடியம் சல்பேட்டும், இடைக் கழுவலில் குரோம் படிகாரமும் சேர்ப்பர்.

மின்னணுக் காமிராவில் இத்தொல்லைகள் இல்லை. ஆனால் விதி தலைகீழாகின்றது. படச்சுருள் மிகுந்த ஒளியைப் பொறுத்துக்கொள்ளும், குறைந்த ஒளியைப் பொறாது. மின்னணு உணரியோ நிரம்பிய பின் ஒரு துளியும் ஏற்காது. எனவே வெளிச்சமான பகுதியை 8-இல் இருத்தி, நிழலைப் பின்னர்க் கணிப்பொறியில் உயர்த்த வேண்டும். சங்குமுகம் மீனவரின் படத்தில் மணலை 8-இல் இருத்தினால் முகம் 2-இல் விழும். அதனை இரு படி உயர்த்தும்போது புள்ளி புள்ளியாக இரைச்சல் தலைகாட்டும். கீற்றின் நிழலுக்குள் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்து முகத்தின்மீது ஒளியைத் திருப்பிவிடுவது எந்தக் கணிப்பொறியினும் மலிவான தீர்வு.

தென்மேற்குப் பருவ மழைக் காலத்தில் நிலைமை வேறு. ஜூன் மாத முகில்களின் கீழே காட்சி முழுவதும் மூன்று, நான்கு படிகளுக்குள் அடங்கிவிடும். படம் சாம்பல் கஞ்சி போலத் தோன்றும். அப்போது இருண்ட இலைத்தொகுதியை 3-இல் இருத்தி, உருத்துலக்கும் நேரத்தை ஒரு மண்டல அளவு நீட்டினால், 6-இல் விழும் ஈர ஓடுகளின் பளபளப்பு 7-க்கு எழும். எவ்வளவு நீட்ட வேண்டும் என்பது படச்சுருளுக்கும் நீருக்கும் ஏற்ப மாறுவதால், சாம்பல் நிறச் சுவர் ஒன்றை வெவ்வேறு மண்டலங்களில் இருத்தி ஒரு சுருளைச் சோதனைக்கென்றே செலவிட்டு, கிடைத்த நேரங்களைக் குறிப்பேட்டில் எழுதி இருட்டறைக் கதவில் ஒட்டி வைத்தல் வேண்டும். வேறு படச்சுருள் வாங்கும்போதும், கோடை முடிந்து நீரின் வெப்பம் மாறும்போதும் இச்சோதனையை மறுபடி செய்தாக வேண்டும்.